மாமாவின் தோள்

மாமா புதுச் சப்பாத்து வாங்கினால் முதல் இரண்டு கிழமையும் அதை நான்தான் போட்டுக்கொண்டு திரியவேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு கால். கடையில் வாங்கிய கையோடு பெட்டியை என்னிடம் தந்துவிடுவார். தோல் இளகி, குதிக்காலைக் கடிக்காத பதத்துக்கு வந்தபிறகு நான் துடைத்து மினுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் போட்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு, "உவங்கள் இப்ப நல்லாச் செய்யிறாங்கள்" என்பார். என் இரண்டு குதிக்காலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

அவர் என் அம்மாவின் மூத்த தமையன். மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து, பென்சனோடு நீர்வேலிக்குத் திரும்பி வந்து, வாழைத்தோட்டத்துக்கு நடுவே கல்வீடு கட்டியவர். நான் சொல்லுவது அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது இருபத்தாறு, யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம். மாமாவுக்கு ஒரே பிள்ளை சரோ. முறைப்படி எனக்கு மச்சாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பித்தாள். அவளை நான் கட்டவேண்டும் என்பது அம்மாவின் ஆசை என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் அம்மாவைவிட எனக்குத்தான் ஆசை. அது மாமாவுக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதை இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

மாமா சிறிய ஆள். ஒடுங்கிய தோள், மெல்லிய மணிக்கட்டு, எந்த நேரமும் பவுடர் வாசம். அறுபது வயதிலும் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. "உடம்பு ஒண்டுதான் தம்பி. சைக்கிள் மாதிரிச் சாமான் மாத்தேலாது" என்பார். இதை எல்லாரும்தான் சொல்லுவார்கள். மாமா அதற்கு ஏற்றமாதிரி வாழ்ந்தார். எதையும் அவர் முதலில் தொடமாட்டார். கிணறு இறைத்து மருந்து போட்டால் முதல் செம்புத் தண்ணீரை மாமி குடிக்கவேண்டும். பரியாரியார் மாமாவுக்குக் கட்டித் தந்த குளிசையில் முதல் குளிசையை மாமி விழுங்கவேண்டும். மாமா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார். தனக்கு இல்லாத எத்தனையோ வருத்தங்களுக்கு மாமி மருந்து சாப்பிட்டிருக்கிறார். எல்லாவற்றையும் வலு மரியாதையாகத்தான் செய்விப்பார். அதட்டமாட்டார், கோபிக்கமாட்டார். கையை மெல்லப் பிடித்து, "முதல்லை நீ ஒருக்காப் பாரன்" என்பார். விருந்துக்குப் போன வீட்டில் முதல் பந்தியில் இருத்துவது போலவே இருக்கும். மறுக்க மனம் வராது.

சரோ மட்டும் மறுப்பாள். பதினைந்து வயதில் அவர் கொடுத்த ஏதோ ஒரு காளானைத் தின்றுவிட்டு மூன்று நாள் ஆசுபத்திரியில் கிடந்தவள். அன்றைக்குப் பிறகு தகப்பன் கையால் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். அவர் கூப்பிட்டால், "என்ன அலுவல் எண்டு சொல்லுங்கோ, பிறகு வாறன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மாமா அதற்கும் சிரிப்பார்.

அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவரைப்போலக் கதை சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. மலாயாக் கதைகளைத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். ஒருநாள் யுத்தகாலத்தைப் பற்றிச் சொன்னார்.

"யப்பான்காரன் விட்டிட்டு ஓடின நேரம். தோட்டத்து ஸ்டோரிலை தகரத்திலை அடைச்ச சாப்பாடு கிடந்தது. மேலை ஒரு எழுத்தும் இல்லை. எனக்கெண்டாக் கொலைப்பசி. அங்கை நிண்ட ஒரு கூலியாளைக் கூப்பிட்டு ஒரு தகரத்தை உடைச்சுக் குடுத்தன். அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டிருந்தன். ஒண்டும் நடக்கேல்லை. பிறகுதான் நான் தொட்டன். மாட்டிறைச்சி தம்பி. மாமிக்குச் சொல்லிப்போடாதை."

"அவனுக்கு ஏதும் நடந்திருந்தா, மாமா?"

மாமா என்னை விளங்காமல் பார்த்தார். "நடந்திருந்தா நான் சாப்பிட்டிருக்கமாட்டன்தானே" என்றார்.

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தோம். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாமாவிடம் ஓர் இருகுழல் துவக்கு இருந்தது. மலாயாத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு புறா வேட்டைக்குப் போய்ப் பழகியவர். குறி தப்பாது என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கைக் கழற்றி எண்ணெய் போடுவார். அவர் சுட்டதை நான் கண்டது இரண்டோ மூன்றோ தடவைதான்.

அந்தத் துரையிடமிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. துரை மலாயாவை விட்டுத் தென்னமெரிக்காவில் நிலம் வாங்கிச் சோளம் போட்டிருந்தார். அங்கே புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சோளத்தைத் தின்று தீர்க்கின்றனவாம். எத்தனை சுட்டாலும் கேட்பாரில்லை. காலையில் தொடங்கினால் பொழுதுபடுமட்டும் சுடலாம். ஒரு நாளில் ஆயிரம் தோட்டா முடியும். பழைய ஆட்கள் சிலரைக் கூப்பிடுகிறேன், பயணம் என் பொறுப்பு, நீயும் வா என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: துவக்கு இங்கே தருவேன், உனக்குப் பன்னிரண்டாம் நம்பரை எடுத்து வைக்கவா, இருபதாம் நம்பரையா? ஆளுக்கு ஒன்றுதான், பிறகு மாற்றமுடியாது, யோசித்து எழுது.

துவக்குக் குழலின் பருமனுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட வாய் சிறுக்கும். பன்னிரண்டு பெரிது, இருபது சிறிது. இந்த அளவு எனக்கும் மாமா சொல்லித்தான் தெரியும். அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் நித்திரையில்லாமல் திரிந்தார்.

"பன்னிரண்டிலை ஈயச் சன்னம் கூட. பட்டாப் புறா விழும். ஆனா உதை பெரிசு. இருபதிலை தோட்டா சின்னன், உதை குறைவு எண்டு சொல்லுவினம். ஆனா துவக்கும் பாரம் குறைவெல்லே? பாரமில்லாத துவக்கு நல்லா உதைக்கும். அப்ப எது கூட உதைக்கும்? புத்தகத்தைப் பாத்துச் சொல்லேலாது. ஒண்டு ரண்டு வெடியெண்டா எதெண்டாலும் காரியமில்லை. ஆயிரம் வெடி தம்பி. தோளிலை வைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"வைச்சுப் பாருங்கோவன் மாமா."

"நான் பாத்து, இஞ்சையே தோள் கண்டி வீங்கிப்போச்சுதெண்டா அங்கை போய் என்னத்தாலை சுடுறது?"

பேச்சு எங்கே போகிறதென்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் "அப்ப நான் பாக்கிறன்" என்றேன். மாமனாருக்கு ஒரு உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. பெண் கேட்டு வருகிறவன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மாமாவுடையது பன்னிரண்டாம் நம்பர். இருபதாம் நம்பர் துவக்கை நல்லூரில் வழக்குப் பேசும் ஒரு பிறக்கிராசியாரிடம் இரவல் வாங்கினார். தோட்டா கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. எப்படியோ நம்பருக்கு மூன்று பெட்டி சேர்த்துவிட்டார். பெட்டிக்கு இருபத்தைந்து. ஒரு சனிக்கிழமை காலை ஊருக்கு வெளியே குரக்கன் அறுத்த தரவை வெளிக்குப் போனோம். சிந்திய தானியத்துக்குப் புறாக்கள் இறங்குகிற இடம். மாமா மடக்குக் கதிரையை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்தார்.

"தோளுக்கு ஒரு சீலையை மடிச்சு வைக்கட்டோ மாமா?"

"அங்கை எனக்கு ஆர் மடிச்சு வைப்பினம்?"

பன்னிரண்டாம் நம்பரைத் தோளில் வைத்துச் சுடத் தொடங்கினேன். நான் அதற்குமுன் துவக்குப் பிடித்தவன் இல்லை. முதல் பெட்டி முடிய முன்னமே தோள் எரிந்தது. இரண்டாவது பெட்டியில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது பெட்டியில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையும் நொந்தது. எத்தனை புறா விழுந்ததென்று மாமா ஒருமுறையும் கேட்கவில்லை. பெட்டிக்குப் பெட்டி "எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

"பரவாயில்லை மாமா."

"பொய் சொல்லாதை. நீ பொய் சொன்னா அங்கை நோகப்போறது எனக்கு."

முடிந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோள் நாவற்பழ நிறத்தில் கன்றி வீங்கியிருந்தது. பெருவிரலால் நாலு இடத்தில் அழுத்தி, எந்த இடத்தில் கூட நோகிறது என்று கேட்டுக்கொண்டார். கையை எவ்வளவு தூரம் தூக்கமுடிகிறது என்று தூக்கிப் பார்த்தார். பிறகு யோசனையோடு சொன்னார்:

"உன்ரை தோள் மாட்டுத்தோள். உனக்கே இப்பிடியெண்டா."

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது மிச்ச யோசனையும் வெளியே வந்தது.

"இருபதை நாளைக்குக் காலமை பாப்பம். ஆனா புதுத்தோள் வேணும் தம்பி. கண்டின தோளிலை வைச்சா எது எதின்ரை நோவெண்டு பிரிக்கேலாது."

எனக்கு இடது தோள் ஒன்று இருந்தது. அதை நான் சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது இருக்கும். தேத்தண்ணீரை ஊதிக் குடித்தேன்.

"சரோவுக்கு என்ரை தோள்" என்றார் மாமா. "என்ரை உயரம், என்ரை எலும்பு. அவளிலை பாத்தா என்னிலை பாத்த மாதிரி. நான் கூப்பிட்டா வரமாட்டாள். நீ கூப்பிட்டா வருவாள்." அதோடு சேர்த்து, "வாற வைகாசியிலை உங்கடை விசயத்தை முடிச்சுப்போடுவம் எண்டு மாமியோடை கதைச்சனான்" என்றும் சொன்னார். அவர் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னதில் அவருக்கு ஒரு பிழையும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை சரோ பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் போய், "சரோ, ஒருக்காத் தரவைக்கு வாறீரோ?" என்றேன்.

"என்னத்துக்கு?"

"சும்மா. ஒரு துவக்கைச் சுட்டுப் பாக்கவேணும். சின்னத் துவக்கு, உதைக்காது."

அதை நான் கையால் தொட்டும் பார்த்ததில்லை. அவள் என் வலது கையைப் பார்த்தாள். நான் அதை மடித்து வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் நிப்பியளோ?" என்று கேட்டாள்.

"ஓம், நிப்பன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் துவக்கைத் தோளில் வைத்தாள். ரவிக்கையின் மெல்லிய சீட்டித் துணிதான் அவளுக்கும் துவக்குக் கட்டைக்கும் நடுவே இருந்தது. முதல் வெடியோடு இரண்டடி பின்னால் போனாள். திரும்பி என்னைப் பார்த்தாள். உதைக்காது என்று சொன்ன வாய் எனக்கு. நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் அடுத்த தோட்டாவுக்குக் கையை நீட்டினாள். இடது கையால் ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு புறா செட்டை முறிந்து விழுந்து, செத்தும் சாகாமல் குரக்கன் தாளுக்குள் சுற்றிச் சுற்றி அடித்தது. அவள் துவக்கைக் கீழே இறக்கினாள்.

"நிப்பாட்டாதை பிள்ளை" என்றது பின்னாலிருந்து மாமாவின் குரல். "இடையிலை ஆறினாச் சரியாத் தெரியாது."

நான் போய்ப் புறாவின் கழுத்தைத் திருகிப்போட்டுவிட்டு வந்து அடுத்த தோட்டாவைக் கொடுத்தேன்.

நாற்பதுக்குப் பிறகு அவளுக்கு ஏலாமல் வந்தது. தோள் பொறுக்கமுடியாமல் துவக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மேல் கையில் முட்டுக்கொடுத்துச் சுட்டாள். மாமா அதைக் கண்டுவிட்டார்.

"தோளிலை வை. கையிலை வைச்சா எனக்கு என்னெண்டு தெரியவரும்? தம்பி, உந்தத் துவக்கை ஒருக்காச் சரியா வைச்சுவிடு."

நான் கிட்டப்போய் அந்தத் துவக்குக் கட்டையைப் பிடித்து, நகர்த்தி, கன்றத் தொடங்கியிருந்த அதே இடத்தில் வைத்து அமத்தினேன். என் விரல் அவள் தோள் எலும்பில் பட்டது. அதுதான் நான் அவளை முதன்முதலாகத் தொட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. மிச்சத்தையும் சுட்டு முடித்தாள்.

மகளின் தோளைத் தகப்பன் பார்ப்பது முறையில்லை என்பதில் மாமா கண்டிப்பானவர். அறைக்குள்ளே மாமி ரவிக்கையை விலக்கிப் பார்க்க, மாமா கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"என்ன நிறம்?"

"நீலம்" என்றார் மாமி.

"கறுப்பில்லையோ? நல்லாப் பாத்துச் சொல்லும். எவ்வளவு அகலம்?"

"உள்ளங்கையளவு."

"தம்பிக்கு அதைவிடப் பெரிசு" என்று மாமா எனக்குத் தலையாட்டினார். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "இஞ்சேருங்கோ, எனக்குச் செய்யிறதைச் செய்யுங்கோ. இவளை விடுங்கோ."

மாமா அன்று பின்னேரமே துரைக்கு எழுதினார். இருபதாம் நம்பர். அந்த எயார்மெயில் கடிதத்தைத் தபாலில் போட்டதும் நான்தான்.

அடுத்த நாள் கந்தோரில் என்னால் பேனையைப் பிடிக்கமுடியவில்லை. சைக்கிளால் விழுந்துவிட்டேன் என்றேன். சரோ வகுப்பில் கரும்பலகையில் இடக்கையால் எழுதினாளாம். பிள்ளைகள் சிரித்ததாக மாமிதான் சொன்னார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவளைக் கண்டபோது வழக்கம்போலவே தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மாமா போய், ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் வைத்து, பத்து வயது குறைந்தவராக இருந்தார். அன்றைக்கு வீடு நிறையச் சனம். புறாக்கள் எப்படி வந்தன, எப்படி விழுந்தன, குவியலைத் தூக்க எத்தனை பேர் வந்தார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ தோளைப் பற்றிக் கேட்டார்கள்.

"அதை ஏன் கேக்கிறியள்" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "போன உடனை எல்லாருக்கும் ஒவ்வொரு சட்டை தந்தாங்கள். தோளிலை இவ்வளவு தடிப்புக்கு மெத்தை வைச்சுத் தைச்ச சட்டை. அதைப் போட்டிட்டுப் பீரங்கி சுட்டாலும் தெரியாது. பக்கத்திலை நிண்டவன் பன்னிரண்டாலை சுட்டான், அவனுக்கும் ஒண்டுமில்லை. நாங்கள் இஞ்சை சும்மா கிடந்து மினைக்கெட்டம், என்ன தம்பி?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்கதவடியில் சரோ தட்டத்தோடு நின்றதைப் பிறகுதான் கண்டேன்.

வைகாசி வந்தது. மாமா சொன்ன சொல் தவறவில்லை. அம்மாவுக்குத் தானே ஆள் அனுப்பி, நாள் பார்க்கச் சொன்னார். இந்தப் பெடியனைப்போல மருமகன் தேடியும் கிடைக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றவள் சரோ.

என்னால் நம்பமுடியவில்லை. நேரே போனேன். அவள் முன் மண்டபத்தில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். மாமி எங்களைப் பார்த்துவிட்டு எழும்பி உள்ளே போனார்.

"ஏன் சரோ?" என்று கேட்டேன்.

அவள் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை முடித்து மூடி வைத்தாள். கோபம் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபமே இல்லை.

"அப்பா கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்கமாட்டன் அத்தான். நீங்கள் கூப்பிட்டபடியால்தான் வந்தனான்."

"மாமா சொன்னபடியால்தானே நான்..."

"ஓம். அவர் சொல்லுவார், நீங்கள் செய்வியள். அம்மாவும் அப்பிடித்தான். இந்த வீட்டிலை அப்பிடி ஒராள் போதும்." அடுத்த கொப்பியை எடுத்து விரித்தாள். "நான் தள்ளி வைச்சதைத் திருப்பித் தோளிலை எடுத்து வைச்சது அப்பா இல்லை. நீங்கள்."

நான் வாசலுக்கு வந்தபோது மாமா வாழைக்கன்றுகளுக்கு நடுவே நின்றார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். என் முதுகில் தட்டினார். அவருக்கும் உண்மையிலேயே கவலைதான், கண் கலங்கியிருந்தது.

"மனதிலை வைச்சிராதை தம்பி. பெட்டையள் இப்ப உப்பிடித்தான்." கொஞ்சத் தூரம் என்னோடு நடந்து வந்தார். படலையடியில் நின்று, "சுன்னாகத்திலை ஒரு டாக்குத்தர்ப் பெடியனைப் பற்றிச் சொல்லுகினம். ஆள் எப்பிடியோ தெரியாது. நாங்கள் உடனை போனா பெருமை காட்டி எடுப்பெடுப்பினம். நீ ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாத்திட்டு வாவன்" என்றார்.

சனிக்கிழமை சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனேன். அவன் என்னை மரியாதையாக இருத்தி, தானே சோடா உடைத்துத் தந்தான். பெண் எப்படி என்று கூச்சத்தோடு கேட்டான். சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளை என்று சொன்னேன். திரும்பி வந்து மாமாவிடம், மாப்பிள்ளையில் ஒரு குறையும் தெரியவில்லை, நீங்கள் பயப்படாமல் போகலாம் என்று சொன்னேன்.